லன் என்னும் சொல்

வேல்ஸ் நாட்டின் நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பவருக்கு முதலில் வியப்புத் தோன்றும். சிறிது நேரத்தில் அலுப்பும் தோன்றும். லன்டிட்னோ, லன்கொல்லென், லனெல்லி, லன்பெரிஸ், லன்டெய்லோ, லன்வாயிர், லன்விஹாங்கெல் என்று, எப்பக்கம் நோக்கினும் ஒரே தொடக்கமுடைய பெயர்கள் கண்ணில் படும். அவை பல நூறு. நான் முதன்முதலில் அப்படத்தைக் கண்டபோது, இந்நாட்டு மக்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையோ என்று எண்ணினேன். அச்சொல்லின் பொருளை நாடிச் சென்ற பின்னர் அவ்வெண்ணம் மாறிற்று. ஏடுகள் மிகக் குறைவாகவே எஞ்சிய ஒரு காலத்தின் வரலாறு, அந்த ஓரசைச் சொல்லுக்குள் பதிந்து கிடப்பதைக் கண்டேன். அவ்வரலாற்றையே, மாணவ நண்பர்களே, உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வேல்ஸ், பிரிட்டன் தீவின் மேற்குப் புறத்தே மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்து விளங்கும் ஒரு சிறு நாடு. அதன் பரப்பு ஏறக்குறைய 20,800 சதுர கிலோமீட்டர். அந்நாட்டவர் தம் நாட்டைக் 'கம்ரி' என்று அழைப்பர். அவர்களது வெல்ஷ் மொழி, ஆங்கிலத்தின் கிளைமொழியன்று. கெல்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரான்சு நாட்டின் வடமேற்கு மூலையில் பேசப்படும் பிரெத்தன் மொழியும், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் வழங்கிய கார்னிஷ் மொழியும் அதற்கு உடன்பிறப்புகள். அயர்லாந்தின் ஐரிஷ் மொழி சற்றுத் தொலைவான உறவு.

முதலில் அச்சொல்லை ஒலிக்கக் கற்றுக்கொள்வோம். நான் 'லன்' என்று எழுதுவது நம் எழுத்தில் அதனை ஒருவாறு குறிப்பதற்கே. வெல்ஷ் மக்கள் அதனை இரண்டு லகரங்களை அடுத்தடுத்து எழுதித் தொடங்குவர். ஆனால் அவ்விரண்டும் சேர்ந்து அவர்களுக்கு ஒரே எழுத்தாகும். லகரத்தை ஒலிப்பதற்கு நாவை எங்கே வைப்போமோ அங்கேயே வைத்து, குரலை எழுப்பாமல், நாவின் இரு பக்கத்திலும் மூச்சை மட்டும் வெளியே விட்டால் அவ்வொலி பிறக்கும். அயல்நாட்டார் பலரும் இதனைக் கேட்டுவிட்டுச் சொல்ல முயன்று தோற்பதுண்டு. நம் ழகரத்தைச் சொல்லத் தெரியாமல் பிறர் தடுமாறுவதைக் கண்ட நமக்கு இது வியப்பாகத் தோன்றாது.

இனி, சொல்லின் வேரை நோக்குவோம். 'லன்' என்பதற்கு இன்று அகராதி கூறும் முதற்பொருள் தேவாலயம் என்பதே. ஆனால் வேரில் தேவாலயமும் இல்லை, சமயமும் இல்லை, நிலமே உண்டு. பழைய கெல்திய மொழியில் 'லந்தா' என்ற வடிவில் இச்சொல் வழங்கியிருக்க வேண்டும் என்பர் மொழிநூலார். அதற்குத் திறந்த வெளி, நிலம் என்பது பொருள். ஆங்கிலத்தில் நிலத்தைக் குறிக்கும் 'லேண்ட்' என்னும் சொல்லும் இதுவும் ஒரே குலத்தில் தோன்றியவை. பிரெஞ்சு மொழியில் புதர் மண்டிய வெற்றுவெளியை 'லாந்த்' என்கின்றனர். அது பிரான்சில் முற்காலத்தே வாழ்ந்த கெல்தியர் விட்டுச்சென்ற சொல். அதே சொல் பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று, வீட்டின் முன்னே வளர்க்கப்படும் புல்தரையைக் குறிக்கும் 'லான்' என்று ஆயிற்று. ஆகவே லண்டன் மாநகரத்துப் பூங்காவில் புல்லின்மேல் அமர்ந்திருப்பவரும், வேல்ஸ் மலைச்சரிவில் தேவாலயத்து வாயிலில் நிற்பவரும், தாம் அறியாமலே ஒரு சொல்லின் இரு கிளைகளில் இருக்கின்றனர்.

வேல்ஸ் நாட்டில் அந்தத் திறந்த நிலத்தைச் சுற்றி ஒரு வேலி எழுந்தது. வெற்று நிலம் என்ற பொருள் சுருங்கி, அடைக்கப்பட்ட நிலம் என்று ஆயிற்று. இம்மாற்றத்துக்குச் சான்று தேடி நாம் பழைய சுவடிகளிடம் செல்ல வேண்டுவதில்லை; உழவர் வீட்டுச் சொற்களிலேயே அது வாழ்கிறது. கதிர்க்கட்டுகளைப் போராக அடுக்கும் களத்திற்கு 'அட்லன்' என்று பெயர். 'ஈட்' என்றால் தானியம், அதனோடு லன் சேர்ந்தது. பழமரங்கள் நிற்கும் தோட்டம் 'பெர்லன்'. திராட்சைத் தோட்டம் 'குவின்லன்'; இதில் 'குவின்' என்பது மது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆடுகளை இரவில் அடைக்கும் பட்டி 'கோர்லன்'. இந்நான்கு சொற்களிலும் கடவுளைப் பற்றிய குறிப்பு ஏதுமில்லை. களம், தோட்டம், பட்டி ஆகிய இவற்றிற்கெல்லாம் பொதுவாக இருப்பது வேலி ஒன்றே. மதிப்புடைய ஒன்றை உள்ளே வைத்து, தீங்கு செய்வதை வெளியே நிறுத்துவது அதன் வேலை.

இங்ஙனம் ஆட்டுக்கும் கதிருக்கும் வழங்கிய சொல், தேவாலயத்துக்கு எவ்வாறு சென்று சேர்ந்தது? இதனை அறிய நாம் ஐந்தாம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும்.

ஏறக்குறைய 410-ஆம் ஆண்டளவில் பிரிட்டன் தீவில் ரோமானியர் ஆட்சி முடிவுற்றது. கிழக்கே ஆங்கிலேயரின் முன்னோர் கடல் கடந்து வந்து குடியேறத் தொடங்கினர். மேற்கே, மலைநாட்டில், பழைய பிரித்தானியரின் வழிவந்தோர் சிறு சிறு அரசுகளாகப் பிரிந்து வாழ்ந்தனர். அக்காலத்தில் கிறித்தவத் துறவியர் பலர் இம்மலைநாட்டில் தோன்றினர். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளை 'அடியார்களின் காலம்' என்றே வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இவர்களில் மிகச் சிலரைத் தவிர மற்றவரைப் பற்றி அக்காலத்திலேயே எழுதப்பட்ட வரலாறு எதுவும் இல்லை. அவர்களுடைய வாழ்க்கைக் கதைகள் பல நூற்றாண்டு கடந்த பின்னர், அற்புதங்கள் மிகுதியாகச் சேர்த்து எழுதப்பட்டவை.

அத்துறவி ஓரிடத்தைத் தெரிந்தெடுத்தால், அவ்விடத்தைச் சுற்றி வரம்பிடுவதே தொடக்கம். மண்மேடு, அகழி, கற்சுவர், முள்வேலி ஆகிய ஏதேனும் ஒன்று அதற்கு எல்லையாயிற்று. அந்த எல்லைக்குள் இருந்த நிலம் புனித நிலம். அங்கே இறந்தோரை அடக்கம் செய்தனர். மரத்தாலும் மண்ணாலும் ஒரு சிறு வழிபாட்டு இல்லம் அதனுள் எழுந்தது. கற்கோயில் வந்தது மிகப் பிற்காலத்தில். இன்றும் வேல்ஸ் நாட்டில் பல பழைய தேவாலயங்களின் கல்லறைத் தோட்டங்கள் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருப்பதைக் காணலாம். அவற்றின் ஓரத்தில் பல நூற்றாண்டு கண்ட யூ மரங்கள் கருகருவென்று நிற்பதையும் காணலாம். வரம்புக்குப் பின்னரே கட்டடம் வந்தது. ஆகையால், வரம்பைக் குறித்த பெயரே கட்டடத்துக்கும் நின்றுவிட்டது. ஆட்டுப்பட்டிக்கும் பழத்தோட்டத்துக்கும் உரிய 'லன்', அடியாரின் வேலிக்குள் அமைந்த தேவாலயத்துக்கும் உரியதாயிற்று.

வேலியிட்டவரின் பெயரோ, அவர் நினைவைப் போற்றியவர்கள் சூட்டிய பெயரோ அதனோடு சேர்ந்தது. டெய்லோ அடியாரின் லன், லன்டெய்லோ. கொல்லென் அடியாரின் லன், லன்கொல்லென். படர்ன் அடியாரின் லன், லன்படர்ன். வெல்ஷ் மொழியில் ஒரு சொல் மற்றொன்றோடு சேரும்போது பின்னதன் முதலெழுத்து மென்மையாக மாறும் வழக்கம் உண்டு. இயேசுவின் தாயாகிய மரியாளை அவர்கள் 'மாயிர்' என்பர். லன்னோடு சேரும்போது மகரம் வகரமாகி 'லன்வாயிர்' என்று ஆகிவிடும். மிக்கேல் அதிதூதர் 'மிஹாங்கெல்'. அவருடைய ஊர் 'லன்விஹாங்கெல்'. இந்தப் புணர்ச்சி விதியை அறியாதவர், பெயருக்குள் மறைந்திருக்கும் ஆளைக் கண்டுகொள்ள முடியாது.

இப்பெயர்கள் வரலாற்று மாணவனுக்கு எவ்வளவு பயன்படுகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையில் லன்கிரானோக் என்னும் சிற்றூர் உள்ளது. அது கரானோக் அடியாரின் லன். தெற்கே கடலைக் கடந்து கார்ன்வால் கரைக்குச் சென்றால், அங்கே கிரான்டக் என்ற ஊர் அதே அடியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மீண்டும் தெற்கே கடல் கடந்து பிரெத்தன் நாட்டை அடைந்தால், அங்கும் கரான்டெக் என்று ஓர் ஊர். கிழக்கிலிருந்து வந்த படைகள் நிலவழியை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், இம்மூன்று நாட்டு மக்களையும் கடல் ஒன்றுசேர்த்தது என்பதை இம்மூன்று ஊர்ப்பெயர்களும் நமக்கு உணர்த்துகின்றன. பிரெத்தன் நாட்டில் லன்னியோன், லன்தெர்னோ முதலிய ஊர்கள் இருப்பதும், கார்ன்வாலில் 'லன்' என்று தொடங்கும் பெயர்கள் பல இருப்பதும் இவ்வுறவையே காட்டும். அயர்லாந்தின் பிரிஜிட் அம்மையாரும் வேல்ஸ் நாட்டில் 'லன்சன்ஃப்ரைட்' என்ற ஊர்ப்பெயர்களில் இடம் பெற்றிருக்கிறார்.

மரியாளுக்கும் மிக்கேலுக்கும் உரிய லன்கள் பெரும்பாலும் இவற்றிற்குப் பிந்தியவை. 718-ஆம் ஆண்டில் மிக்கேலுக்கு ஒரு தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டதை வேல்ஸ் நாட்டின் பழைய ஆண்டுக்குறிப்பு ஒன்று தெரிவிக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்மானியர் வேல்ஸ் நாட்டுக்குள் புகுந்த பின்னர், உள்ளூர் அடியார்களை அறியாத அவர்கள், உலகமறிந்த புனிதர்களின் பெயர்களையே விரும்பினர். ஆகவே ஒரு மாவட்டத்தின் லன்களை வரிசைப்படுத்தி நோக்கினால், எங்கே பழைய குடிமக்களின் நினைவு நிலைத்தது, எங்கே புதிய ஆட்சியின் கை ஓங்கியது என்பதை ஒருவாறு உய்த்துணரலாம்.

வேலிக்குள் இருந்த புனித நிலத்துக்கு மற்றொரு பயனும் இருந்தது. அது அடைக்கலம். 'வேல்ஸ் ஜெரால்டு' என்று வழங்கப்பெறும் சமய அறிஞர் ஒருவர் 1188-ஆம் ஆண்டில் அந்நாடு முழுவதையும் சுற்றிவந்து, தாம் கண்டவற்றை இலத்தீன் மொழியில் எழுதிவைத்தார். அவர் அந்நாட்டைப் பற்றி எழுதிய மற்றொரு நூலில், தேவாலயங்களைச் சுற்றி நிலவிய அமைதியைப் பற்றிக் குறிப்பிடுகிறார். வேறெங்கும் காணாத அமைதியோடு அங்கே கால்நடைகள் மேய்ந்தன என்கிறார். கல்லறைத் தோட்டத்துக்குள்ளே மட்டுமன்றி, அதற்கு அப்பால் ஆயர்கள் குறித்துவைத்த வேலியும் அகழியும் வரையில் அவ்வமைதி பரவியிருந்ததாம். மிகப் பழைமையும் பெருமையும் வாய்ந்த தேவாலயங்களுக்கோ எல்லை இன்னும் விரிந்தது. காலையில் புறப்பட்ட மந்தை எவ்வளவு தொலைவு மேய்ந்து மாலைக்குள் திரும்பி வருமோ, அவ்வளவு தொலைவும் அடைக்கல எல்லை. அரசர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருந்த ஒரு நாட்டில், பகைக்கு அஞ்சி ஓடிவந்த ஏழை ஒருவன் அவ்வெல்லைக்குள் காலெடுத்து வைத்துவிட்டால் உயிர் பிழைத்தான். 'லன்' என்ற சொல்லை அவன் எத்தகைய உணர்ச்சியோடு உச்சரித்திருப்பான் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அடைக்கலம் உள்ள இடத்தை நாடி மக்கள் குடியேறுவது இயல்பு. தேவாலயத்தைச் சூழ்ந்து குடிசைகள் எழுந்தன, சந்தை கூடிற்று, கிராமம் உருவாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் நாடு முழுவதும் சமயப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டபோது, ஒவ்வொரு பங்கிற்கும் நடுநாயகமாக ஒரு தேவாலயம் நின்றது. அதனால் 'லன்' என்றால் தேவாலயம் என்பதோடு, அத்தேவாலயம் உள்ள ஊர் என்ற பொருளும் நிலைத்தது. மலையில் தனித்த பண்ணைவீட்டில் வாழும் உழவர் லன்னுக்குப் போவதாகச் சொன்னால், அவர் வழிபாட்டுக்குப் போகலாம், கடைக்கும் போகலாம்.

காலம் செல்லச் செல்ல, பெயர் தன் பிறப்பிடத்தை விட்டு நகர்ந்ததும் உண்டு. லன்டிட்னோ இன்று வடகடற்கரையில் விடுமுறை மக்கள் கூடும் பெரிய நகரம். அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திட்டமிட்டு அமைத்தனர். டிட்னோ அடியாரின் பழைய தேவாலயமோ, நகருக்கு மேலே, கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை மலையில் காற்றையும் மழையையும் எதிர்த்துத் தனியே நிற்கிறது. தென்பகுதியில் உள்ள லனெல்லி, தகரத்தகடு செய்யும் ஆலைகளால் உலகப் புகழ் எய்தியது. எல்லி அடியாரை அறியாத தொழிலாளர் பல்லாயிரவர், நாள்தோறும் அப்பெயரைச் சொல்லி வாழ்ந்தனர்.

நிற்க. லன் என்று தொடங்கும் பெயர் அனைத்தையும் அப்படியே நம்பிவிடுவதும் தவறு. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் புகும் மாணவருக்கு இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டும். வெல்ஷ் மொழியில் ஓடையையும் அது ஓடும் பள்ளத்தாக்கையும் 'நன்ட்' என்பர். லன்கார்வன் என்னும் ஊரில் கேடோக் அடியாரின் புகழ்பெற்ற மடம் இருந்தது. ஆதலின் பெயரிலுள்ள லன் இயற்கையானதே என்று எவரும் கருதுவர். ஆனால் பழைய ஆவணங்கள் அதனை 'நன்ட்கார்வன்' என்றே குறிக்கின்றன. நன்ட் என்பதே பின்னாளில் லன் என்று திரிந்தது. கிழக்கெல்லையில் இடிபாடுகளாய் நிற்கும் லன்டோனி மடத்தின் பெயரும் இத்தகையதே. ஹோட்னி என்னும் ஓடையின் பெயரிலிருந்து அது வந்தது என்றும், ஆங்கிலேயர் அதனைச் சிதைத்து வழங்குகின்றனர் என்றும், நாம் முன்னர்க் கண்ட ஜெரால்டு அன்றே எழுதிவைத்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஊர்ப்பெயரைக் குறித்து இவ்வாறு ஆராய்ந்த அறிவு பாராட்டத்தக்கது.

மற்றொரு பெயர் உலகெங்கும் வேடிக்கைக்காகச் சொல்லப்படுவது. ஆங்கிள்சி தீவில் லன்வாயிர் பூல்குவின்கில் என்று ஒரு சிற்றூர் உண்டு. வெண்ணிற ஹேசல் மரங்கள் சூழ்ந்த குட்டைக்கு அருகிலுள்ள மரியாளின் தேவாலயம் என்பது அதன் பொருள். இருப்புப்பாதை வந்த பின்னர், 1860-களில், பயணிகளைக் கவரும் நோக்கத்தோடு, அருகிலிருந்த நீர்ச்சுழியையும், டசிலியோ அடியாரின் லன்னையும், செங்குகையையும் அதனோடு கோத்து, உரோமானிய எழுத்தில் 58 எழுத்துகள் கொண்ட நெடும்பெயராக்கினர். வெல்ஷ் மொழி வழக்கப்படி இரட்டை எழுத்துகளை ஒன்றாக எண்ணினால் 51 வரும். புகைவண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு சிரிப்பவர்கள், அதற்குள் இரண்டு உண்மையான லன்கள் இருப்பதையும் அறிந்துகொண்டால் நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல்லுக்குச் சற்றுக் கசப்பான ஒரு பொருளும் ஏறியது. பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய சமய எழுச்சியால், வேல்ஸ் மக்கள் பெருந்திரளாக அரசு சார்ந்த ஆங்கிலத் திருச்சபையை விட்டு விலகி, தாமே சிறு சிறு ஜெபக்கூடங்களைக் கட்டிக்கொண்டனர். அவற்றைக் 'கபெல்' என்றனர். 1851-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட சமயக் கணக்கெடுப்பு, வேல்ஸ் நாட்டில் வழிபாட்டுக்குச் சென்றோருள் மிகப் பெரும்பாலோர் கபெல்லுக்கே சென்றனர் எனக் காட்டிற்று. எனினும் அவர்கள் தம் விளைச்சலிலிருந்து தசமபாகத்தைத் திருச்சபைக்குச் செலுத்த வேண்டியிருந்தது. அப்போது 'லன்' என்றால் அரசாங்கத்தின் சபை, நிலக்கிழாரின் சபை. 'கபெல்' என்றால் உழவரின் சபை, சுரங்கத் தொழிலாளரின் சபை. எல்லோருக்கும் அடைக்கலம் தந்த வேலி, ஊரை இரண்டாகப் பிரிக்கும் வேலியாகிவிட்டது. புதிய தொழிலூர்கள் லன் என்ற பெயரைத் தாங்கவில்லை. பெதெஸ்தா போன்ற விவிலியப் பெயர்களைத் தம் கபெல்லிடமிருந்து பெற்றுக்கொண்டன. 1880-களில் தசமபாகத்தை எதிர்த்து உழவர்கள் கிளர்ச்சி செய்தனர். 1914-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் 1920-இல் நடைமுறைக்கு வந்தது. வேல்ஸ் நாட்டில் திருச்சபைக்கும் அரசுக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. அதன் பின்னர்க் கசப்பும் மெல்லத் தணிந்தது.

இதற்கிடையே, லன்னையும் கபெல்லையும் வேறுபாடின்றி விழுங்கிய ஒன்று வந்தது. அது தண்ணீர். இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகரம் பெருகி வளர்ந்தபோது, அதற்குக் குடிநீர் தேவைப்பட்டது. மாநகராட்சியின் கண் வேல்ஸ் மலைகளின்மேல் விழுந்தது. 1880-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தின் இசைவைப் பெற்று, வெர்ன்வி ஆற்றின் குறுக்கே பேரணை ஒன்றைக் கட்டினர். பிரிட்டனில் கல்லால் எழுந்த முதற் பேரணை அதுவே. அப்பள்ளத்தாக்கில் லனூதின் என்னும் ஊர் இருந்தது. ஒரு தேவாலயம், இரண்டு கபெல்கள், மூன்று விடுதிகள், பத்துப் பண்ணைவீடுகள், முப்பத்தேழு வீடுகள் ஆகியவை கொண்ட ஊர். 1888-இல் அணை முடிந்து நீர் தேங்கியது. ஊர் மறைந்தது. மாநகராட்சி கீழே புதியதோர் ஊரையும் புதிய தேவாலயத்தையும் கட்டித் தந்தது. பழைய கல்லறைத் தோட்டத்திலிருந்த உடலங்களும் எடுத்துச்செல்லப்பட்டுப் புதிய இடத்தில் அடக்கம் செய்யப்பட்டன. மக்கள் புதிய ஊருக்கும் லனூதின் என்றே பெயர் வைத்துக்கொண்டனர். வேலியிட்ட நிலம் நீருக்கடியில் போயிற்று. வேலியைக் குறித்த சொல்லை மட்டும் அவர்கள் தம்மோடு எடுத்துக்கொண்டு வந்தனர். கடுங்கோடையில் நீர்மட்டம் தாழ்ந்தால், பழைய ஊரின் சுவர்க்கற்கள் வெளியே தெரிவதுண்டு.

இவ்வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. 1957-ஆம் ஆண்டில் ட்ரவெரின் பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்க லிவர்பூல் மாநகராட்சி மற்றொரு சட்டத்தைப் பெற்றது. வேல்ஸ் நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுள் ஒருவரேனும் அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை; எனினும் சட்டம் நிறைவேறிற்று. கபெல் கெலின் என்னும் சிற்றூர் 1965-இல் நீரில் மூழ்கியது. பள்ளி, அஞ்சலகம், கபெல், கல்லறைத் தோட்டம், பன்னிரண்டு வீடுகள் யாவும் மறைந்தன. கல்லறைகளுள் சிலவற்றை மட்டுமே உறவினர் அகற்றினர். ஊரார் அனைவரும் வெல்ஷ் மொழியே பேசியவர்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005-இல், லிவர்பூல் மாநகர மன்றம் அதற்காக வருத்தம் தெரிவித்தது.

ஊரைக் காக்க முடியாதபோது மொழியையாவது காக்க வேண்டும் என்ற எண்ணம் அம்மக்களிடையே வலுத்தது. அதற்கு வழிகாட்டியவர்கள் இருவர், ஒரு லன்னிலேயே வாழ்ந்தனர். லனெல்லிக்கு அருகே லன்கென்னெக் என்னும் ஊரில் ட்ரெவர் பீஸ்லி, ஐலீன் பீஸ்லி என்னும் தம்பதியர் 1952-இல் குடியேறினர். கணவர் சுரங்கத் தொழிலாளி; மனைவி ஆசிரியை. அவ்வட்டாரத்து மக்களுள் பெரும்பாலோர் வெல்ஷ் மொழி பேசியவர்கள். ஆயினும் வீட்டுவரிச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. வெல்ஷ் மொழியிலும் சீட்டு வரும்வரை வரி செலுத்துவதில்லை என்று இருவரும் உறுதி பூண்டனர். பத்துக்கும் மேற்பட்ட முறை நீதிமன்றம் ஏறினர். அமீனா பல தடவை வீட்டுக்கு வந்து நாற்காலி, மேசை முதலிய பொருள்களை எடுத்துச் சென்றார். எட்டு ஆண்டுகள் அவர்கள் தளரவில்லை. 1960-இல் இருமொழியிலும் அச்சிட்ட சீட்டு வந்து சேர்ந்தது.

அவர்களுடைய போராட்டத்தை எடுத்துக்காட்டாகக் கூறி, 1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் ஓர் உரை ஆற்றினார். இந்நிலை நீடித்தால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வாழும் மொழியாக இராது என்று அவர் எச்சரித்தார். வானொலிப் பேச்சு காற்றோடு போய்விடும் என்று சிலர் கூறுவர். அன்றைய பேச்சு அவ்வாறு போகவில்லை. அவ்வாண்டிலேயே இளைஞர்கள் ஒன்றுகூடி மொழிக்கெனச் சங்கம் அமைத்தனர். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய சாலைப் பலகைகளுக்கு மைபூசிச் சிறை சென்றனர். ஆங்கில வழக்கப்படி ஈற்றெழுத்தை மாற்றி எழுதப்பட்டுவந்த லனெல்லியின் பெயர், 1966-இல் அதிகாரபூர்வமாக வெல்ஷ் வடிவைப் பெற்றது. 1967, 1993, 2011 ஆகிய ஆண்டுகளில் மொழிக்கு ஆதரவான சட்டங்கள் வந்தன. இன்று வேல்ஸ் நாட்டுச் சாலைப் பலகைகளில் இரு மொழிகளும் உள்ளன.

அதனால் கவலை தீர்ந்தது என்று சொல்ல இயலாது. 1911-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 9,77,000 பேர் வெல்ஷ் பேசினர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை ஏறக்குறைய 5,38,000. நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. வெல்ஷ் ஊர்களில் வீடு வாங்குவோர் சிலர், பழைய வீட்டுப் பெயரையும் பண்ணைப் பெயரையும் நீக்கிவிட்டு ஆங்கிலப் பெயர் சூட்டுகின்றனர். உச்சரிக்க எளிதாக இருக்கிறது என்பது அவர்கள் கூறும் காரணம். ஒரு பெயர் மாறும்போது வீடு இடிவதில்லை. எனவே எவருக்கும் இழப்பு கண்ணில் படுவதில்லை. ஆனால் அங்கே ஒரு களம் இருந்ததையும், ஒரு பழத்தோட்டம் இருந்ததையும், ஓர் அடியார் வேலியிட்டதையும் சொல்ல அப்பெயரைத் தவிர வேறு சான்று பெரும்பாலும் இல்லை. பெயர் போனபின் அவற்றை மீட்க வழியில்லை.

மாணவ நண்பர்களே, வெற்று நிலமாய்த் தொடங்கிய இச்சொல் வேலியாயிற்று. களமும் பட்டியும் ஆயிற்று. தேவாலயமும் கல்லறையும் அடைக்கலமும் ஊரும் ஆயிற்று. ஒரு காலத்தில் பகைமைக்கும் பெயராயிற்று. பின்னர் இழந்த ஊரின் நினைவாயிற்று. இத்தனையையும் எழுதிவைத்தவர் எந்த அரசவைப் புலவரும் அல்லர். ஆட்டை அடைத்த இடையரும், கதிரை அடுக்கிய உழவரும், லனூதினை விட்டு வெளியேறியபோது பெயரைக் கையோடு கொண்டுசென்ற குடியானவரும் அதனை வாயால் காத்துவந்தனர். கல்வெட்டையும் செப்பேட்டையும் கற்பது போலவே, சொற்களையும் கற்க வேண்டும். கற்கும்போது, லன்கார்வனில் கண்டோமே, அதுபோல் பழைய வடிவத்தைத் தேடிப் பார்த்தே முடிவு கூறவும் வேண்டும். நீங்கள் அடுத்த முறை ஒரு நிலப்படத்தை விரிக்கும்போது, மீண்டும் மீண்டும் வரும் பெயர் எதுவெனப் பாருங்கள். அலுப்பு ஏற்பட்டால் அங்கேயே சற்று நில்லுங்கள். ஆராயத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.